சப்புகிற பிள்ளைக்கு ஒன்று, கடிக்கிற பிள்ளைக்கு ஒன்று: பாசிஃபையரும் டீத்தரும்

பாசிஃபையர் (பால் இல்லாமல் சும்மா சப்பக் கொடுக்கும் காம்பு) வாங்கலாமா, டீத்தர் (ஈறு ஊறும்போது கடிக்கக் கொடுக்கும் பொருள்) வாங்கலாமா என்று கேட்கிற தோழிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உன் பிள்ளை சப்புகிறதா, கடிக்கிறதா? கடையில் இரண்டும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி அட்டையில், ஏறக்குறைய ஒரே விலையில் தொங்குகின்றன. அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைக்கு. சப்பும் ஆசை வயிற்றிலிருக்கும்போதே குழந்தைக்கு வந்துவிடுகிறது. ஸ்கேனில் விரல் சூப்பும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். கடிக்கும் ஆசை நாலாம் மாதத்தை ஒட்டி, எச்சில் ஒழுகத் தொடங்கி, ஈறு நமநமக்கும்போது வருகிறது. தூக்கத்துக்கு அழுகிற இரண்டு மாதக் குழந்தை கையில் டீத்தரைக் கொடுத்தால் அதைப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஈறு ஊறி அழுகிற ஏழு மாதக் குழந்தைக்குப் பாசிஃபையர் கொடுத்தால் அதைக் கடித்துக் கிழிக்கும்.

எனக்கு இரட்டைக் குழந்தைகள். பெண் முதலில், பையன் அடுத்து. வீட்டில் அவளை அக்கா என்றும் இவனைத் தம்பி என்றும்தான் கூப்பிடுகிறோம். ஒரே நாளில் பிறந்து ஒரே பாலைக் குடித்தாலும் வாய் விஷயத்தில் இரண்டும் இரண்டு துருவம். அக்காவுக்கு எதையாவது சப்பினால்தான் கண் சொக்கும். தம்பி பாசிஃபையரை வாயில் வைத்த வேகத்தில் நாக்கால் தள்ளிவிடுவான், ஆனால் என் தோள்பட்டை முதல் தலையணை முனை வரை எதையும் கடிக்காமல் விடமாட்டான். அதனால் இரண்டு வகையிலும் நிறைய வாங்கிப் பார்த்தேன். திருச்சி சிங்காரத்தோப்பில் சில, தில்லைநகர்க் கடைகளில் சில, மீதி ஆன்லைனில். கூடவே வீட்டுப் பெரியவர்கள் தந்ததும், வெளியூர்ச் சொந்தம் வாங்கி வந்ததும் உண்டு. எது உழைத்தது, எதை இன்னொரு முறை வாங்கமாட்டேன் என்று சொல்கிறேன்.

முதலில் பாசிஃபையர். கடையில் நிப்பிள் என்று கேட்டால் பால் பாட்டிலுக்குப் போடும் நிப்பிளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். சூதர் என்று கேளுங்கள், அட்டையிலும் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருக்கும்.

என் பிள்ளைகள் 33-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) குழாய் வழியாகப் பால் போன நாட்களில், பாலைப் பீய்ச்சி எடுத்த பிறகு மார்பில் வைத்துச் சும்மா சப்பவிடச் சொன்னார்கள். குறைமாதக் குழந்தைக்கு இப்படிச் சப்பப் பழக்கினால் குழாயிலிருந்து நேராகக் குடிக்க மாறுவது சுலபமாகிறது என்று டாக்டர் விளக்கினார். சில இடங்களில் அதற்கே பாசிஃபையரும் தருகிறார்களாம். எங்களுக்கு அதன் பிறகு பாலாடைச் சங்கில் புகட்டினார்கள், அப்புறம்தான் நேரடித் தாய்ப்பால். பாசிஃபையர் பற்றி நான் கேட்டபோது டாக்டர் சொன்ன பதில் தெளிவாக இருந்தது: தாய்ப்பால் நன்றாகப் பிடிபடட்டும், எடை ஏறட்டும், அதுவரை வேண்டாம். நிறைமாதக் குழந்தைக்கு இதை மூன்று நாலு வாரம் என்று சொல்வார்கள். எங்களுக்கு அதைவிட அதிகம் ஆனது.

இதில் உலக அளவிலேயே பேச்சு மாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991-இல் மருத்துவமனைகளுக்காகத் தொடங்கிய தாய்ப்பால் ஊக்குவிப்புத் திட்டத்தின் பத்து விதிகளில் ஒன்று, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ரப்பர் காம்பும் பாசிஃபையரும் கொடுக்கவே கூடாது என்றது. 2018-இல் அதைத் திருத்தியபோது, அவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். இன்னொரு பக்கம் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அகாடமி, தூங்கவைக்கும்போது பாசிஃபையர் கொடுப்பது தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நிகழும் சிசு மரண அபாயத்தைக் குறைக்கிறது என்று சொல்லிப் பரிந்துரைக்கிறது. தூங்கிய பிறகு வாயிலிருந்து நழுவினால் திரும்ப வைக்க வேண்டியதில்லை என்பதும் அதே பரிந்துரையில் இருக்கிறது. இது எனக்குப் பெரிய நிம்மதி. ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து வாயில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்தைக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. "நம்ம வீட்ல எந்தப் புள்ளைக்கும்மா ரப்பர் குடுத்தோம்? காத்துதான் வயித்துக்குள்ள போகும்" என்றார். அவர் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. பசிக்கு அழுகிற குழந்தை வாயில் இதை வைத்தால் அழுகை நின்றுவிடும், பசி நிற்காது. குறைமாதக் குழந்தையிடம் அது ஆபத்து. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: முதலில் பால், அடுத்து துணி நனைந்திருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது. அத்தனைக்கும் பிறகு தூக்கத்துக்கு மட்டும்தான் அழுகிறாள் என்று தெரிந்தால் பாசிஃபையர். இப்படி வைத்த பிறகு அத்தையே சில மதியங்களில் "அவ சூதர் எங்க வெச்ச?" என்று கேட்டார்.

இனி பொருள்கள். நான் முதலில் வாங்கியது பிலிப்ஸ் அவென்ட் சூதி. முழுக்க ஒரே சிலிக்கான் வார்ப்பு. காம்பு, உதட்டுக்கு வெளியே நிற்கும் தட்டு, பிடி என்று தனித்தனி உறுப்பு கிடையாது, ஒட்டும் இல்லை, இணைப்பும் இல்லை. கழன்று தொண்டையில் போக எதுவும் இல்லை என்பதால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். சிக்கோவின் ஃபிசியோ வரிசையிலும் இதே மாதிரி முழுச் சிலிக்கான் ஒன்று இருக்கிறது. சூதியின் காம்பு உருளையாக நீண்டிருக்கும். அக்காவுக்கு அது பிடித்தது. நுனி சப்பையான காம்பைச் சில குழந்தைகள் விரும்புகின்றன. எது பிடிக்கும் என்று குழந்தைதான் சொல்ல முடியும், ஆகவே முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். நாலு, ஆறு என்று சேர்த்து விற்கும் பாக்கெட்டைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சித்திரை வெயிலில் எங்களுக்கு வேறு பிரச்சினை வந்தது. தட்டுக்கு அடியில் எச்சிலும் வியர்வையும் தேங்கி வாயைச் சுற்றிச் சிவந்துபோனது. திருச்சி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். அப்போது மாறியது அவென்ட் அல்ட்ரா ஏருக்கு. அதன் தட்டில் பெரிய பெரிய துவாரங்களாக நாலு இருக்கும், தோலுக்குக் காற்றுப் படும். சிவப்பு சில நாளில் அடங்கியது. இரண்டு சேர்ந்த பாக்கெட் 500 ரூபாயைத் தாண்டும். அதனுடன் வரும் சின்னப் பெட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மைக்ரோவேவில் வைத்தால் கிருமி நீக்கமும் ஆகிவிடுகிறது, அதே பெட்டியில் பையில் போட்டு வெளியே எடுத்துப் போகலாம். மைக்ரோவேவ் இல்லாதவர்கள் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். நம் ஊர் வெப்பத்துக்கு, இரண்டில் ஒன்று என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

தட்டில் துவாரம் இருப்பது தோலுக்காக மட்டும் அல்ல. எப்படியோ முழுத் தட்டும் வாய்க்குள் போய்விட்டால் மூச்சு போக வழி வேண்டும், அதற்காகவே பாதுகாப்பு விதிகள் துவாரத்தைக் கேட்கின்றன. தட்டின் அகலம் குறைந்தது ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். 0-6 மாதம், 6-18 மாதம் என்று அட்டையில் போடுவதும் இதனால்தான். வளர்ந்த குழந்தை வாயில் சின்ன அளவை வைத்தால் தட்டே உள்ளே போக இடம் உண்டு.

தேன் நிறத்தில் இருக்கும் இயற்கை ரப்பர் வகையும் வாங்கினேன். டென்மார்க்கின் பிப்ஸ் இதற்குப் பேர்போனது. தொட்டாலே தெரியும், சிலிக்கானைவிட மெத்தென்று இருக்கிறது, அக்கா அதை ஆசையாகவே சப்பினாள். ஆனால் ரப்பர் வெயிலுக்கும் எச்சிலுக்கும் சீக்கிரம் தளர்ந்துவிடும். கொதிக்கவைக்கக் கொதிக்கவைக்கப் பிசுபிசுப்பு ஏறும், காம்பு ஊதிப்போகும். மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ மாற்ற வேண்டிய பொருளுக்கு அவ்வளவு விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ரப்பர் ஒவ்வாமை இருக்கும் வீட்டில் இதைத் தொடவே வேண்டாம்.

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு. திருவிழாக் கடைகளிலும் சில ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் தொங்கும், விசிலும் மணியும் வைத்த, பளபள நிறத்துப் பாசிஃபையர். சொந்தக்காரர் ஒருவர் ஆசையாக வாங்கிவந்ததை நான் காம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், தட்டிலிருந்து கையோடு வந்துவிட்டது. எந்தப் பாசிஃபையர் ஆனாலும் ஒவ்வொரு முறையும் கொடுக்கும் முன் இப்படி நாலாபக்கமும் இழுத்துப் பாருங்கள். ஒரு கீறல் தெரிந்தால் குப்பைக்கு. விலையைப் பார்த்து இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயங்களை எந்த அட்டையிலும் எழுதியிருக்கமாட்டார்கள். ஒன்று, தூளி. தூளியில் பிள்ளை தூங்கும்போது வாயிலிருந்து நழுவும் பாசிஃபையர் சேலை மடிப்புக்குள் போய் முதுகுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். அது தொலையாமல் இருக்கட்டும் என்று கயிறு கட்டிக் கழுத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தூளியின் ஆட்டத்தில் கயிறு கழுத்தைச் சுற்றினால் சத்தம்கூட வராது. சட்டையில் மாட்டும் கிளிப் என்றாலும் ஐரோப்பிய விதிப்படி அதன் பட்டை 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதையும் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். எங்கள் வீட்டில் தூளி பகலில் மட்டும், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது. ராத்திரி சமதளமான கெட்டி மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைப்போம். தூளிக்குப் போகும் முன் அக்காவின் பாசிஃபையரை மடியிலேயே சப்பவிட்டு, கண் மூடியதும் மெல்ல உருவிவிடுவேன்.

இரண்டு, எறும்பு. பால் வாடை பட்ட பாசிஃபையரை ஜன்னல் திட்டில் வைத்தால் பத்து நிமிடத்தில் சிற்றெறும்பு வரிசை கட்டும். மூடி உள்ள பெட்டி இல்லாமல் பாசிஃபையர் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

மூன்று, தேன். சேனை வைக்கிற பழக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம், அழுகிற குழந்தைக்குப் பாசிஃபையரைத் தேனில் தொட்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், பாட்டுலிசம் என்பார்கள், உடலே தொய்ந்துபோகும். 2018-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தேன் அடைத்த பாசிஃபையரைச் சப்பிய நாலு கைக்குழந்தைகள் இதனால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே வெளியிட்டது. சர்க்கரைப்பாகும் வேண்டாம், வரப்போகும் பல்லுக்கு அது எதிரி.

சரி, இப்போது தம்பி பக்கம் வருகிறேன்.

பால் பற்கள் மொத்தம் 20. கீழ் முன்பற்கள் இரண்டும் பொதுவாக ஆறாம் மாதத்தை ஒட்டித் தலைகாட்டும், சிலருக்கு நாலிலேயே வரும், சிலருக்கு ஒரு வயது நெருங்கும். தம்பிக்கு ஏழாம் மாதத்தில் வந்தது. கூடப் பிறந்த அக்காவுக்குப் பத்தாம் மாதம் தாண்டியும் வெறும் ஈறுதான். ஆனால் இருவருமே நாலாம் மாதத்திலேயே சட்டை நனைய எச்சில் ஒழுக்கினார்கள். எச்சில் ஒழுகுவதால் மட்டும் பல் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அந்த வயதில் உமிழ்நீர் அதிகமாகச் சுரக்கத் தொடங்குகிறது, அதை விழுங்கத்தான் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

டீத்தரில் எனக்குப் பிடித்தது மிகச் சாதாரணமான ஒன்று: ஒரே வார்ப்பில் செய்த சிலிக்கான் வளையம், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சின்னச் சின்ன முண்டு. லவ்லாப், மீ மீ, பிஜன் என்று பலரும் டீத்தர் விற்கிறார்கள், 150 முதல் 300 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். பார்க்க வேண்டியது பேரைவிட வடிவத்தை. குழந்தையின் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு மெல்லியதாக, ஆனால் தொண்டை வரை போகாத அளவு அகலமாக இருக்க வேண்டும். நீளமாகக் குச்சிபோல் நீண்டிருப்பது வேண்டாம், தம்பி அப்படி ஒன்றை உள்ளே தள்ளி ஓங்கரித்திருக்கிறான். கைப்பிடி இரண்டு பக்கமும் வளையமாக இருக்கும் வாழைப்பழ வடிவப் பிரஷ் நன்றாக இருந்தது. பல் வந்த பிறகு அதே பிரஷில் பல் தேய்க்கவும் பழகினான்.

சிலிக்கான் வாங்கும்போது மோந்து பாருங்கள். நல்ல சிலிக்கானுக்கு வாசனையே இராது. நான் ஆன்லைனில் வாங்கிய ஒரு விலை மலிந்த செட் பெட்டியைத் திறந்ததும் டயர் கடை வாசம் அடித்தது, கொதிக்கவைத்தும் போகவில்லை. அது பிள்ளைகள் வாய்க்குப் போகவே இல்லை. மெத்தென்ற பி.வி.சி. பொம்மைகளிலும் கவனம் வேண்டும். அதை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் தாலேட் ரசாயனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலேயே வாயில் வைக்கும் பொம்மைகளில் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கிலுகிலுப்பையோ டீத்தர் பொம்மையோ வாங்கும்போது பெட்டியில் அந்த முத்திரையைத் தேடுங்கள்.

உள்ளே தண்ணீர் அடைத்த டீத்தர் நம் வெயிலுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொன்னார்கள். குளிர்ந்ததும் தம்பி முகத்தில் ஒரு சுகம் தெரிந்தது உண்மைதான். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும், ஃப்ரீசரில் வைத்தால் கல்லாகி ஈறைப் புண்ணாக்கும். ஆனால் கூர்மையான பல் வந்த பிறகு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் உள்ளே எத்தனை மாதமாக இருக்கும் நீரோ அது வாய்க்குள் போகும். முதல் பல் வரும்வரை மட்டும் என்றால் சரி.

பாரிஸில் இருக்கும் சித்தி வரும்போது சோஃபி ஒட்டகச்சிவிங்கியைக் கொண்டுவந்தார். 1961 முதல் பிரான்சில் செய்கிறார்களாம், இயற்கை ரப்பர், அழுத்தினால் கீச்சென்று கத்தும். தம்பிக்கு அதன் காதும் காலும் அத்தனை பிரியம். கழுத்தைப் பிடிக்க வாகாக இருந்ததால், சரியாகப் பிடிக்கத் தெரியாத வயதிலேயே தானாக வாய்க்குக் கொண்டுபோனான். பொருள் அருமை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விலை இங்கே 1,500-க்கும் மேலே போகிறது. அதோடு, ஊதல் துவாரம் இருப்பதால் தண்ணீரில் முக்கவோ கொதிக்கவைக்கவோ கூடாது, ஈரத் துணியால் துடைக்க மட்டும்தான் வேண்டும் என்று செய்கிறவர்களே சொல்கிறார்கள். தரையில் விழுந்து விழுந்து எழும் பொருளை வெறும் துணியால் துடைப்பது, இரட்டைப் பிள்ளை வீட்டில் ஒத்துவரவில்லை. பரிசாக வந்தால் மகிழ்ச்சி, காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் கொழுந்தனார் சன்னபட்டணாவில் ஒரு மரக் கிலுகிலுப்பை வாங்கிவந்தார். அந்த ஊர்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நம் ஊரில் வெட்பாலை என்று சொல்வோமே, அந்த மரத்தைக் கடைசல் பிடித்து, சுழலும்போதே அரக்கை அழுத்தி நிறம் ஏற்றுகிறார்கள். வழவழவென்று, கையில் வைத்தாலே அழகு. ஈறு ஊறும் ஆரம்பத்தில் இது கெட்டி, தம்பி கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பல் எட்டிப்பார்த்த பிறகு அதையே மணிக்கணக்கில் கடித்தான். அரக்கு என்பதால் கொதிநீரில் போட முடியாது. சன்னபட்டணா என்று சொல்லி பெயின்ட் அடித்ததை விற்பவர்களும் உண்டு, நம்பகமான கடையில் வாங்குங்கள்.

வசம்பைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பேர். வசம்புத் துண்டைக் கறுப்பு மணியோடு கோத்துக் கையில் கட்டிவிட்டால், பிள்ளை அதைத்தான் முதலில் வாயில் வைத்துக் கடிக்கும். எங்கள் அம்மா வீட்டிலும் அத்தை வீட்டிலும் இதுதான் தலைமுறை தலைமுறையாக டீத்தர். நான் அதை மணிக்கட்டில் கட்டவில்லை. வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை செய்தது, எங்கள் டாக்டரும் வாயில் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மணி அறுந்தால் அது இன்னொரு ஆபத்து. அத்தையிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். "கண்ணு படாம இருந்தாச் சரி" என்று அவரே அதைத் தூளி தொங்கும் கொக்கிக்கு மேலே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டார். வெள்ளிக் கிலுகிலுப்பையும் அப்படித்தான், உள்ளே இருக்கும் குண்டும் வெளியே தொங்கும் சலங்கையும் கழலக்கூடியவை, போட்டோ எடுத்ததும் பீரோவுக்குள் போய்விட்டது.

கழலும் சின்னப் பொருள் எவ்வளவு பெரிதாக இருந்தால் ஆபத்தில்லை என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. பொம்மைகளைச் சோதிக்கிற உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயம் 27. அந்த நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டைக்குள் அடங்கும் எதுவும் சின்னக் குழந்தை கைக்குப் போகக்கூடாது என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். மரமணி கோத்து வரும் அழகழகான டீத்தர்களை நான் தவிர்ப்பது இதனால்தான். டீத்தர் மாலை, அம்பர் (இறுகிய பழைய மரப்பிசின்) மணிமாலை என்று விற்பதையும் ஒதுக்குங்கள். 2018 டிசம்பரில் எஃப்.டி.ஏ. இவற்றுக்கு எதிராக எச்சரித்தது. அம்பர் மாலை போட்டுத் தூங்கிய 18 மாதக் குழந்தை ஒன்று கழுத்து இறுகி இறந்திருந்தது.

ஈறில் தடவும் ஜெல்லை மருந்துக் கடையில் கேட்காமலே எடுத்துத் தருகிறார்கள். பென்சோகைன் இருந்தால் வாங்காதீர்கள். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும் மெத்தீமோகுளோபினீமியா என்ற நிலை அதனால் வரலாம், இரண்டு வயதுக்குக் கீழ் கூடவே கூடாது. தடவினாலும் எச்சிலோடு சில நிமிடத்தில் விழுங்கிவிடுகிறார்கள், ஈறில் தங்குவதும் இல்லை. ஜெல்லுக்குப் பதில் அத்தை செய்ததுதான் எங்கள் வீட்டில் அதிகம் உதவியது: மாமாவின் பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணியைத் துவைத்து, வெந்நீரில் போட்டெடுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்து, ஒரு முடிச்சுப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். காசே செலவில்லை. வெளிநாட்டு டாக்டர்களும் ஈரத் துணியைத்தான் முதலில் சொல்கிறார்கள். முடிச்சுப் பக்கத்தைத் தம்பி கடித்து இழுக்கும்போது துணியின் மறுமுனை பெரியவர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

பழம் வைத்துக் கொடுக்கும் நிப்ளர் என்று ஒன்று வருகிறது, பார்க்கப் பாசிஃபையர், வேலை பாதி டீத்தர். ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய பிறகு நல்ல பொருள். குளிர்ந்த பப்பாளியோ வாழைப்பழமோ வைத்துக் கொடுத்தால் அரை மணி அமைதி. வலைத்துணி வைத்தது வேண்டாம், நார் சிக்கிப் பூசணம் பிடிக்கும். சிலிக்கானில் ஓட்டை போட்டதை வாங்குங்கள், தேய்த்துக் கழுவ முடியும். கேரட்டையோ வெள்ளரியையோ கையில் நேராகக் கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். பல் முளைத்தவன் ஒரு துண்டைக் கடித்துத் தொண்டையில் போட்டுக்கொள்ள ஒரு நொடி போதும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காய்ச்சல் வந்தாலும் பேதி ஆனாலும் பல்லு முளைக்குது என்று சொல்லிவிடுகிறோம். பல் முளைக்கும்போது சூடு லேசாக ஏறலாம், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் காரணம் வேறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிற அதே மாதங்களில்தான் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறது. டீத்தரைக் கையில் திணித்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். தினமும் கழுவிய டீத்தர் இல்லையென்றால் அன்றைக்கு டீத்தரே வேண்டாம்.

அக்காவின் பாசிஃபையரை நிறுத்திய கதையையும் கேட்கிறார்கள். ஆறு மாத வயதுக்கு மேலும் தொடர்ந்து சப்பினால் காதுத் தொற்று கூடுகிறது என்பதால் அப்போதே தூங்கும் நேரத்துக்கு மட்டும் என்று குறைத்தோம். விழித்திருக்கும்போது வாய் காலியாக இருந்தால்தான் மழலை வரும். தம்பி டீத்தர் கடிப்பதைப் பார்த்து அவளும் பகலில் வளையத்துக்கு மாறிக்கொண்டது எதிர்பாராத உதவி. ஒரு வயது முடிந்த பிறகு, தட்டிக்கொடுக்கும் நேரத்தைக் கூட்டிப் பாசிஃபையரைத் தள்ளிப் போட்டோம். சில ராத்திரி கஷ்டமாகத்தான் இருந்தது, பாட்டும் தோளும் மாற்றாக வந்தன. மூன்று வயதுக்கு மேலும் விடாமல் சப்பினால் முன்பற்கள் தூக்கிக்கொண்டு, மேலும் கீழும் சேராமல் போகலாம், அதுவரை போகவிட வேண்டாம். விரல் சூப்புவதைவிட இது ஒரு வகையில் நல்லது, பாசிஃபையரை எடுத்து ஒளித்துவைக்க முடியும்.

பேர் வைக்கும் விழாவுக்கோ முதல் பல் கொழுக்கட்டைக்கோ பரிசு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாசிஃபையரை வாங்கிக் கொடுக்காதீர்கள். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் பெற்ற தாய், தாய்ப்பால் சரியாகப் போகிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். சிலிக்கான் வளையம் ஒன்று, மூடி உள்ள சின்ன டப்பா ஒன்று, எச்சில் துடைக்க மெல்லிய பருத்தித் துண்டு நாலைந்து, எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடியும். என் நாத்தனாருக்கு இப்போது ஏழாம் மாதம். அவளுக்கு அந்த டப்பாவை வாங்கியாகிவிட்டது, சூதியை மட்டும் பிள்ளை பிறந்து ஒரு மாதம் போன பிறகு, அவள் கேட்டால் வாங்குவேன்.